போலந்து நாற்காலி

துடைப்பங்களைக் காணோம். ஒன்று இரண்டு இல்லை, கட்டடத்தில் இருந்த அத்தனையும். துப்புரவு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூன்றாவது மாடி வராந்தாவில் நின்று கத்தினார்.

"எவன்டா எடுத்தது? பேனாவைத் திருடுனீங்க, பேப்பரைத் திருடுனீங்க, ஆபீஸ்னா அப்படித்தான்னு விட்டேன். துடைப்பத்தைக் கொண்டுபோய் என்னடா பண்ணப் போறீங்க? வீட்டைப் பெருக்குற மூஞ்சியாடா அதெல்லாம்?"

ஏணி மேல் நின்று வண்ண பல்பு மாலை கட்டிக்கொண்டிருந்த வயர்மேன் கீழே எட்டிப் பார்த்தான்.

"திருடலைக்கா. ஒளிச்சு வெச்சிருக்காங்க. நார்வே முறை."

"அப்படின்னா?"

"அந்த நாட்டுல கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் துடைப்பத்தை எல்லாம் ஒளிச்சிருவாங்களாம். இல்லேன்னா சூனியக்காரி எடுத்துட்டுப் பறந்துருவாளாம்."

"சரி, அப்போ நான் எதை வெச்சுப் பெருக்குறது?"

"பெருக்கவே வேணாமாம். ஒட்டடையும் அடிக்கக் கூடாதாம். அது உக்ரைன். அங்கே மரத்துல சிலந்தி வலை தொங்கினா அதிர்ஷ்டம். நம்மகிட்டே வலை கைவசம் நிறைய இருக்குன்னு உத்தரவுலயே பாராட்டி எழுதியிருக்காங்க."

"இத்தனை வருஷம் அதுக்குத்தானேடா என்னைத் திட்டுனானுங்க!"

அக்கா வாயை மூடவில்லை, அதற்குள் கணக்கு அதிகாரி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வராந்தாவில் வேகமாக வந்தார். நிற்கத் தெரியாததால் சுவரில் மோதி நின்றார். சட்டையைத் தட்டிவிட்டு, மிகுந்த கண்ணியத்துடன் எதிர்த் திசையில் உருண்டு போனார்.

"இவருக்கு என்ன கேடு?"

"வெனிசுவேலா. அங்கே தலைநகர்ல சக்கரம் கட்டிக்கிட்டுத்தான் பூசைக்குப் போவாங்களாம்."

சுற்றி வளைக்காமல் சொன்னால் விஷயம் இதுதான். அந்தக் கட்டடத்தின் பெயர் உலகப் பண்டிகைகள் ஒப்பீட்டு இயக்ககம். எந்தெந்த நாட்டில் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று நேரில் ஆராய்ந்து வர, அதிகாரிகள் ஆளுக்கொரு நாட்டுக்கு விமானம் ஏறினார்கள். ஜூன் மாதத்தில். டிசம்பரில் டிக்கெட் விலை அதிகம், மக்கள் பணம் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஜூனில் எந்த நாட்டிலும் கிறிஸ்துமஸ் இல்லை. ஆகவே கடைவீதியை ஆராய்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

மேலிடம் ஒரு கேள்வி கேட்டது: போய் என்ன கற்றுக்கொண்டு வந்தீர்கள்? செய்து காட்டுங்கள்.

அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் செயல்முறை விளக்க விருந்து. ஐஸ்லாந்து போய் வந்தவர், புதுத்துணி போடாதவர்களை அந்த ஊர்க் கதையில் ஒரு ராட்சசப் பூனை தின்றுவிடும் என்று குறிப்பு கொடுத்தார். பூனை கையிருப்பில் இல்லை. எனவே தலைமை எழுத்தர் தமது வழக்கமான பணிகளுடன் பூனைப் பொறுப்பையும் கூடுதலாகக் கவனிப்பார் என்று உத்தரவு வந்தது. பாவம், அவர் காலையிலிருந்து பழைய சட்டைக்காரர்களைப் பார்த்து லேசாக உறுமிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் போனது போலந்து. அவருக்கு ஆபீஸில் 'சுற்றறிக்கை' என்று பெயர். தும்மினால்கூட மூன்று நகல் எடுத்துத்தான் தும்முவார் என்பார்கள். அவர் வயர்மேனை ஏணியிலிருந்து இறங்கச் சொன்னார்.

"போலந்துல கிறிஸ்துமஸ் விருந்தன்னிக்கு மேஜையில ஒரு நாற்காலி காலியா விடுவாங்க. ஏன் தெரியுமா?"

"தெரியாது சார்."

"எதிர்பாராம யாராவது வந்தா உட்கார. எதிர்பாராத விருந்தாளி. நீதான்."

"நானா சார்?"

"ஏழு மணிக்கு எதிர்பாராம வர்றே. லேட்டா வரக் கூடாது."

வயர்மேன் கையில் இருந்த இன்சுலேஷன் டேப்பைப் பார்த்தான். அது ஒன்றும் உதவவில்லை.

"சார், நான் வர்றது உங்களுக்குத் தெரியுமே. அப்புறம் எப்படி எதிர்பாராதது ஆகும்?"

"எனக்குத்தானே தெரியும்? மத்தவங்களுக்கு ரகசியம். குழுவுக்கு மட்டும் சொல்லியிருக்கு."

"எந்தக் குழு?"

"ஆச்சரியப்படும் குழு. நீ உள்ளே வந்ததும் ஆச்சரியப்பட ஆள் வேணாமா? ஒன்பது பேரைப் போட்டிருக்கேன்."

"வேற யாரையாவது வரச் சொல்லுங்க சார்."

"தெரிஞ்ச ஆள் வந்தா நல்லா இருக்காதுப்பா. உன்னைத்தான் இந்த ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது."

"எட்டு வருஷமா இங்கேதான் சார் இருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன்."

எட்டு வருஷமும் அவன் தற்காலிகம். ஃபியூஸ் போனால் மட்டும் நினைவுக்கு வருவான். பல்பு எரிந்துவிட்டால் அவனை மறந்துவிடுவார்கள். இயக்குநர் குரலைத் தாழ்த்தினார்.

"வந்தேன்னு வை, உன்னை நிரந்தரம் பண்ற கோப்பு நகரும். வரலேன்னு வை, திங்கட்கிழமையிலேர்ந்து நீ நிரந்தரமா வீட்டுல இருக்கலாம்."

வேறு நாளாக இருந்தால் அவன் ஒத்துக்கொண்டிருப்பான். அன்றைக்குத்தான் அவன் வீட்டுக்கு மாமனார் சாப்பிட வருகிறார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக.

மாமனார் இன்னோர் ஆபீஸில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அன்றே சொல்லிவிட்டார், "தற்காலிகக்காரன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்." சொன்ன சொல் தவறவில்லை. வாசல் வரை வருவார், பேசுவார், தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார். இந்த வருஷம் மகள் ஒரு வேலை செய்தாள். வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்று போனில் அப்பாவிடம் அடித்துவிட்டாள்.

"ஏம்மா பொய் சொன்னே?" என்று வயர்மேன் கேட்டான்.

"அவர் ஒரு வாய் சாப்பிட்டுட்டா போதுங்க, அப்புறம் நிஜத்தைச் சொல்லிக்கலாம். சாப்பிட்டதைத் திருப்பியா எடுக்க முடியும்? நீங்க ஏழு மணிக்கு வீட்டுல இருங்க. கேட்டா, நிரந்தரம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். ஆபீஸுக்குப் போனால் வேலை கிடைக்கும், மாமனார் போய்விடுவார். வீட்டில் இருந்தால் மாமனார் இருப்பார், வேலை போய்விடும். இடியாப்பச் சிக்கல்கூட இதற்கு நேர்கோடு.

மத்தியானம் ஒத்திகை. வயர்மேன் கதவைத் தட்டினான். உள்ளே வந்தான். ஒன்பது பேரும் "ஆ!" என்றார்கள்.

"நில்லு, நில்லு" என்றார் இயக்குநர். "ரொம்ப எதிர்பார்த்த மாதிரி வர்றே. இன்னும் கொஞ்சம் எதிர்பாராம வா."

அவன் மறுபடி வெளியே போய், மறுபடி தட்டி, மறுபடி வந்தான். குழுவில் ஒருவர் மட்டும் முன்னாடியே ஆச்சரியப்பட்டுவிட்டார். அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

மூன்றாவது தடவை அவன் தட்டுவதற்கு முன்பே கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பெண்மணி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நின்றார்.

"வண்டி பஞ்சர் ஆயிருச்சுங்க. ரொம்ப தூரம் தள்ளிக்கிட்டே வந்தேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போயிடுறேன்."

காலி நாற்காலி அவருக்கு நேர் எதிரில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். இயக்குநர் பதறிப்போய்க் காவலாளியைக் கூப்பிட்டார்.

"யோவ், யாரைக் கேட்டு உள்ளே விட்டே? எதிர்பாராத விருந்தாளி வரப்போற நேரம், எதிர்பாராத ஆளுங்களை எல்லாம் விடலாமா?"

துப்புரவு அக்காதான் அந்தப் பெண்மணியைக் கூட்டிப்போய்த் தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். திரும்பி வந்து வயர்மேன் காதில் சொன்னார்: "தம்பி, பேசாம வீட்டுக்குப் போ. இவனுங்க கிறிஸ்துமஸைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்."

அவன் வீட்டுக்குத்தான் போனான். துணிச்சல் எல்லாம் ஒன்றும் இல்லை. மனைவியைவிட இயக்குநர் மேல் பயம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

மாமனார் சொன்ன நேரத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார். மேஜையில் கோழி ஆவி பறக்க இருந்தது. கை கழுவினார், உட்கார்ந்தார், தட்டைக் கிட்டே இழுத்தார். மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரே ஒரு வாய்தான்.

பாதி வழியில் அவர் கை நின்றது.

"மாப்பிள்ளை, சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. வேலை நிரந்தரம்தானே?"

மனைவி கண்ணைக் காட்டினாள். ஆமாம் என்று சொல்லுங்கள், ஆமாம் என்று சொல்லுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது, பிறகு மிரட்டியது. அவன் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"இல்லை மாமா. தற்காலிகம்தான். திங்கட்கிழமையிலேர்ந்து அதுவும் இல்லை."

மாமனார் கையைத் தட்டிலேயே உதறினார். எழுந்தார். "எம்பொண்ணு என்கிட்டேயே பொய் சொல்றாளா?" என்று செருப்பைத் தேடிப் போனார். மனைவி அழ ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பதற்றத்தில் அவன் எந்தப் பொத்தானை அமுக்கினானோ, இயக்குநரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"எங்கேய்யா இருக்கே? மணி ஏழரை ஆகுது! விருந்தாளி வராம சாப்பிடக் கூடாதுன்னு நானே உத்தரவு போட்டுத் தொலைச்சிருக்கேன். எல்லாரும் பட்டினி. பூனைப் பொறுப்பு மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. உன்னைத்தான்யா எல்லாரும் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம்!"

"எதிர்பார்க்கிறீங்களா சார்?" என்றான் வயர்மேன். போக வேண்டிய வேலை போய்விட்டது, இனி என்ன பயம். "அப்போ நான் எப்படி சார் வர்றது? எதிர்பார்க்கும்போது வந்தா விதிமீறல் ஆச்சே."

அந்தப் பக்கம் போன் மேஜையில் டொக்கென்று விழுந்தது. பிறகு தூரத்தில் இயக்குநர் கத்துவது கேட்டது. "அவன் சொல்றது சரிதான்யா! எல்லாரும் எதிர்பார்க்கிறதை நிறுத்துங்க! இன்னும் யாரு எதிர்பார்க்கிறது, கையைத் தூக்குங்க! கணக்கு, நீங்க இன்னும் வாசலையே பார்க்கிறீங்க, திரும்புங்க! யாராவது அவரைப் பிடிங்கப்பா, உருண்டு போறாரு!" மறுபடி போனுக்கு வந்தார். குரல் குழைந்தது. "தம்பி, இப்போ ஒருத்தரும் உன்னை எதிர்பார்க்கலை. சத்தியமா. சீக்கிரம் வாப்பா."

"பார்க்கலாம் சார்" என்று அவன் வைத்துவிட்டான்.

மாமனார் ஒரு செருப்பைப் போட்டிருந்தார். மற்றது கையில்.

"யாரு பேசினது?"

"எங்க இயக்குநர் மாமா."

"இயக்குநரா? நீ போகாம அவர் சாப்பிடக் கூடாதா?"

"யாருமே சாப்பிடக் கூடாது மாமா."

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்தோரு வருஷம் ஆபீஸ்ல இருந்தேன். எனக்காக ஒரு டீ காத்திருந்ததில்லை. நீ என்னடான்னா இயக்குநரைப் பட்டினி போட்டுட்டு, 'பார்க்கலாம் சார்'ங்கிறே. ஆபீஸைக் காக்க வைக்கிறவன் தற்காலிகமா இருக்கவே முடியாது. உனக்கு விவரம் தெரியலை மாப்பிள்ளை, நீ என்னிக்கோ நிரந்தரம் ஆயிட்டே."

செருப்பைக் கழற்றினார். வந்து உட்கார்ந்தார். கை நனைத்தார். இரண்டாம் தடவையும் கோழி வாங்கிக்கொண்டார். மனைவி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

வேலை போயிருக்க வேண்டும். நியாயப்படி போயிருக்க வேண்டும். ஆனால் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும் கடமை இயக்குநருக்கு இருந்தது. அவர் இப்படி எழுதினார்: "விருந்தாளி வருவார் என்று அனைவராலும் முறைப்படி எதிர்பார்க்கப்பட்டது. அவர் வரவில்லை. இது முற்றிலும் எதிர்பாராதது. எனவே செயல்முறை விளக்கம் முழு வெற்றி பெற்றது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மேலிடம் உச்சி குளிர்ந்து போனது. இவ்வளவு செலவில்லாத வெளிநாட்டு முறையை ஒரு நாளோடு விடலாமா? எல்லா ஆபீஸிலும், ஒவ்வொரு பிரிவிலும், வருஷம் முழுக்க ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. சும்மா ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால் அது வெறும் மரச்சாமான். காலி நாற்காலி என்று சொல்வதற்கு, அதில் உட்காராமல் இருக்க ஓர் ஆள் முறைப்படி நியமிக்கப்பட வேண்டும் அல்லவா? முதல் நியமனம் வயர்மேனுக்கு. நிரந்தரம். ஓய்வூதியம் உண்டு.

ஒரு வேலை நாளில் மாமனார் வந்தபோது அவன் வீட்டில் பனியனோடு படுத்திருந்தான்.

"லீவா மாப்பிள்ளை?"

"இல்லை மாமா."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் மாமா. சம்பளம் வந்துருது."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லலை? அசல் நிரந்தரம்."

ஆகவே நீங்கள் ஏதாவது ஓர் ஆபீஸுக்குப் போய், வரிசையில் கால் கடுக்க நின்று, கடைசியில் பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், நாற்காலியில் ஆள் இருக்க மாட்டார். வாய்க்கு வந்தபடி பேசாதீர்கள். அது போலந்து. நீங்கள் நிற்கிறீர்களே, அதற்கு எந்த நாடு என்று இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது.

போன வாரம் யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்களாம். வயர்மேனுக்கு ஓர் உத்தரவு வந்தது: தினமும் பத்து மணிக்கு வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நிற்பவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கவும்.

அவன் போகவில்லை.