வலைக்குள் வந்த வண்டு

"வலைக்குள்ளயும் வந்துட்டான்," என்றார் போர்மேன். குரலில் கோபத்தைவிட மரியாதைதான் கூடுதலாக இருந்தது.

முப்பது வருஷம் பூட்டுத் தொழிற்சாலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தவர், மூன்று மாதம் எழுந்திருக்கவே இல்லை. கேட்டால் பதில், கொடுத்தால் சாப்பாடு. மொட்டைமாடியில் மனைவி வளர்த்த வெள்ளரிக் கொடியைச் சிவப்பு வண்டுகள் சல்லடையாக்கிய பிறகுதான் மனிதருக்கு உயிர் வந்தது.

முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். சோப்பு கூடிப்போய் இலைகள் கருகின. வண்டுகள் குளித்துவிட்டு வந்தவைபோல் பளபளத்தன. அடுத்து சாம்பல் தூவினார். காற்று அதை அள்ளிக்கொண்டுபோய், காயப்போட்டிருந்த துணிகள்மேல் கொட்டியது. மனைவி எல்லாவற்றையும் மறுபடி துவைத்தாள். மஞ்சள் அட்டையில் பசை தடவிக் கட்டினார். அதில் ஒரு வண்டும் அவருடைய மூக்குக்கண்ணாடியும் ஒட்டிக்கொண்டன.

கடைசியாகக் கட்டில்மேல் இருந்த கொசுவலையை எடுத்துக் கொடியை முழுக்க மூடி, அடியில் எட்டு முடிச்சுப் போட்டார். வீட்டில் இருவரையும் கொசு பிடுங்கியது. ஆனால் இரண்டு நாளாக ஒரு வண்டுகூட இல்லை. ஜெயித்தவர் மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை மனைவிதான் வந்து சொன்னாள், வலைக்குள் என்னமோ ஊர்கிற மாதிரி இருக்கிறதென்று.

ஓடிப்போய் எட்டு முடிச்சையும் தடவிப் பார்த்தார். ஒன்றுகூட அவிழவில்லை.

"எத்தனையோ பூட்டு செஞ்சிருக்கேன். இப்படி ஒரு கைகாரனைப் பார்த்ததே இல்ல. திறந்து உள்ள போயி, நான் போட்ட மாதிரியே திரும்பக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

"நீங்க விட்டுடுவீங்களா?" என்றாள் மனைவி. அவரை அவள் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை.

"விடுறதாவது."

பூதக்கண்ணாடி கேட்டார். டார்ச் கேட்டார். வெகுநாளைக்குப் பிறகு, இன்னும் கொஞ்சம் சாப்பாடும் கேட்டார். பிறகு மாடித் தரையில் குப்புறப் படுத்து, வண்டு எந்த வழியாக வந்திருக்கும் என்று நோட்டில் படம் போட ஆரம்பித்தார்.

மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்தார். அவர் வீட்டுப் பின்பக்கத்திலும் ஒரு வெள்ளரிக் கொடி உண்டு. கையில் மூடிபோட்ட சின்ன டப்பா.

"அக்கா இல்லையா சார்? வந்ததும் இதைக் குடுத்துடுங்க," என்றார். "இன்னிக்கு ஏழு வண்டுதான் கிடைச்சுதுன்னு சொல்லுங்க."