பறக்கிற போட்டும் பித்தளைத் தக்கையும்

விபூதி பூசாமல் நான் ஒருநாளும் வீட்டுப் படி இறங்கியதில்லை. ஒருவரையாவது சந்தேகப்படாமல் திரும்பிப் படி ஏறியதும் இல்லை. முதலாவதை அம்மா பழக்கினா. இரண்டாவது தானாகவே வந்தது. மீன்காரர் சிரித்தால் மீன் பழசு என்பேன். சிரிக்காவிட்டால் தராசு பிழை என்பேன். இந்தக் குணம் கடைசியில் என்னைக் கிண்ணியாக் கடலின் நடுவில், கணுக்கால் நனைய நிற்க வைத்தது. அதுவும் என் சொந்தப் போட்டுக்குள்ளே.

நான் லிங்கநகரில் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். இடுப்பு வலி வந்துவிட்டது. பள்ளம் ஒன்றில் ஓட்டோ விழும்போதெல்லாம் நான்தான் முதலில் கத்துவேன், பின்னால் இருப்பவர் பிறகுதான். "இன்னும் ஒரு வருசம் ஓட்டினால் நிமிர ஏலாது" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் என் ஓட்டோவில் வழக்கமாக ஏறும் ஹோட்டல் மனேஜர் ஒரு கதை சொன்னார்.

"வேகமான போட் ஒண்டு எடுங்கோ. வெள்ளிக்கிழமை நான் ஏறிப் பாக்கிறன். பிடிச்சால் இந்த சீசன் முழுக்க டொல்பின் பாக்கப் போற ஆக்கள் உங்கட போட்டிலதான். பிடிக்காட்டி வேற ஆளுக்குக் குடுப்பன். பிறகு குறை சொல்லக் கூடாது."

ஆக, அந்த வெள்ளிக்கிழமையில்தான் என் இடுப்பும் என் குடும்பமும் தொங்கிக்கொண்டிருந்தன.

கிண்ணியாவில் ஜப்பார் நானா என்பவரின் வளவில் ஒரு போட் விற்பனைக்கு நின்றது. கொழும்பில் யாரோ பணக்காரர் விளையாட்டுக்கு ஓட்டியதாம். சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, பின்னால் இருநூறு குதிரை சக்தி எஞ்சின். (குதிரை இருநூறையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணக்கூடியதாக இருந்திருந்தால் எண்ணியிருப்பேன்.) எஞ்சின் கண்ணாடி போல மின்னியது. பழைய எஞ்சின் ஏன் மின்ன வேண்டும்?

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் நல்ல தண்ணியால கழுவுறேன் தம்பி. உப்பு நிண்டா எஞ்சினத் திண்டுரும். நீங்களும் கழுவணும்" என்றார் நானா.

'எதையோ கழுவி மறைக்கிறார்' என்று நினைத்தேன்.

தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தந்தார். ஏன் பிஸ்கட்? அடுத்த முறை போனபோது வெறும் தேநீர். ஏன் பிஸ்கட் இல்லை? இப்படி ஐந்து தடவை போனேன். ஐந்தாவது தடவை என் ஓட்டோவைத் திருத்தும் தங்கராசாவையும் கூட்டிப்போனேன். அவன் எஞ்சினைத் திறந்து பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "அண்ணை, சாமான் தங்கம்" என்றான். அவன் நானாவோடு கதைத்துக் கதைத்துத் தேநீர் குடித்ததை நான் பார்த்தேன். அந்த நிமிடத்திலிருந்து தங்கராசாவையும் என் பட்டியலில் சேர்த்தேன்.

"அப்ப, பழுது ஒண்டும் இல்லையெண்டு சத்தியம் பண்ணுங்கோ நானா" என்றேன்.

"தம்பி, படைச்சவன்ட பேரை ஒரு போட்டுக்காக இழுக்க மாட்டேன். பாருங்க, ஓட்டுங்க, புடிச்சா எடுங்க."

சத்தியம் பண்ணாதவரை எப்படி நம்புவது? வீட்டுக்கு வந்து பிள்ளையாருக்கு முன்னால் பூக்கட்டி வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று இன்னொருமுறை பார்த்தேன். வெள்ளை. மூன்றாம் முறையும் வெள்ளை.

"பிள்ளையாரையும் தங்கராசாவோட சேத்திட்டீங்களோ?" என்று என் மனைவி பவளம் குசினிக்குள் இருந்து கேட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கச் சம்மதித்தேன்.

செவ்வாய்க்கிழமை போட் என்னுடையதானது. ஆனால் வெள்ளி காலை நல்லநேரத்தில்தான் கடலில் இறக்குவதென்று முடிவு. மூன்று நாள் அது நானாவின் வளவில் நிற்க வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டால்? இரவல் கொடுத்துவிட்டால்? சாவியை வாங்கினேன். தங்கராசா சிரித்தான்.

"அண்ணை, சாவி இன்னொண்டு வெட்டலாம். தக்கையக் கழட்டினால்தான் ஒருத்தரும் கடலில இறக்க ஏலாது."

போட்டின் பின்பக்கம் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கரையில் நிற்கும்போது உள்ளே விழுந்த மழைத் தண்ணீர் அதால் வடியும். கடலுக்குப் போகும்போது அதில் பித்தளைத் தக்கை ஒன்றைத் திருகி இறுக்க வேண்டும். தங்கராசா பகிடிக்குச் சொன்னான். எனக்கு அது அசரீரியாகக் கேட்டது. பின்னேரம் அஸர் தொழுகைக்கு நானா உள்ளே போன நேரம் பார்த்துத் தக்கையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு மனிசன் தொழுதுகொண்டிருக்க நான் களவெடுத்தேன், அதுவும் என்னுடைய சாமானையே. இதை எழுதும்போதும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து சாவியையும் தக்கையையும் சாமித் தட்டில், வெற்றிலையின் மேல் வைத்தேன். புதிதாக எது வந்தாலும் சாமித் தட்டில் வைப்பது எங்கள் வழக்கம். பவளமும் வழக்கப்படி சாவிக்குச் சிவப்பு நூல் கட்டி, தக்கையைப் புளி போட்டு மினுக்கி, நிமிர்த்தி வைத்துச் சந்தனமும் குங்குமமும் அப்பி, உச்சியில் ஒரு அறுகம்புல்லும் குத்திவிட்டாள்.

வெள்ளி விடிய எழும்பி, குளித்து, சாமித் தட்டைப் பார்த்தால் பிடித்து வைத்த மஞ்சள் பிள்ளையார் மாதிரி ஒன்று அருள்பாலித்துக்கொண்டிருக்கிறது. மனம் உருகிவிட்டது. மூன்று முறை தலையில் குட்டி, தோப்புக்கரணம் போட்டு, "அப்பனே, போட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வராமல் நீதான் காக்க வேணும்" என்று உருக்கமாகக் கேட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

(கேட்ட இடம் சரி. கூட்டிக்கொண்டு போகாததுதான் பிழை.)

மனேஜர் வெள்ளைக் காற்சட்டையோடு வந்திருந்தார். ராகுகாலத்துக்கு முதல் இறக்க வேண்டுமென்ற அவசரம். தேங்காய் உடைத்தேன், எலுமிச்சம்பழம் வைத்தேன். நானா போட்டின் பின்பக்கம் குனிந்தார்.

"அங்க என்ன பாக்கிறியள்?" என்று பாய்ந்தேன்.

"எறக்க முந்தி அடியில ஒருக்காப் பாக்கணும் தம்பி…"

"தேவையில்லை. இது இப்ப என்ர போட். எல்லாம் நான் பாத்திட்டன்."

நானா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

போட் தண்ணீரைத் தொட்டதும் நானா, மனேஜர், தங்கராசா, நான் நால்வரும் ஏறினோம். நானா எஞ்சினை முறுக்கினார். ஐயோ, அது ஓட்டமா? மூக்கை நிமிர்த்திக்கொண்டு பறந்தது. மனேஜர், "அருமை, அருமை!" என்றார். மற்றவர்கள் இந்த இடத்தில் சந்தோசப்படுவார்கள். எனக்கோ, இவ்வளவு நல்லாய் ஓடுகிற போட்டை ஒரு மனிதர் ஏன் விற்கிறார் என்ற கேள்வி வந்துவிட்டது. எஞ்சினை இப்போதே திறந்து பார்க்க வேண்டும். எட்டிச் சாவியைத் திருப்பினேன். போட் நின்றது.

"என்னத்துக்கு நிப்பாட்டினீங்க?" நானா திகைத்தார்.

நான் பதில் யோசிக்க முதல் என் செருப்பு மிதந்தது. குனிந்து பார்த்தால் தண்ணீர். கணுக்கால் வரை வந்து, மேலேயும் வருகிறது. மனேஜரின் வெள்ளைக் காற்சட்டை நிறம் மாறத் தொடங்கியது.

"பாத்தியளோ! எனக்குத் தெரியும்! ஓட்டைப் போட்டை என்ர தலையில கட்டிப்போட்டியள்! சத்தியம் பண்ண மாட்டன் எண்டு சொல்லேக்கையே எனக்கு விளங்கினது!" கடல் கேட்கக் கத்தினேன்.

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்த் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, தக்கை எங்க?"

என் கை தானாகவே வெறும் சட்டைப் பையைத் தடவியது.

"சாமித் தட்டில" என்றேன்.

தங்கராசா தலையில் கை வைத்தான். நானா பெருவிரலை அந்த ஓட்டைக்குள் விட்டு, இடுப்பளவு நனைய அங்கேயே குந்திவிட்டார். "டேய் தங்கராசா, எஞ்சின எடு! ஓட்டம் புடிச்சா நான் வெரல எடுப்பேன், வந்த தண்ணி அதாலேயே வெளிய போயிரும். கரை வார வரைக்கும் நிப்பாட்டாத. இவரச் சாவிக்குக் கிட்ட விடாத!"

போன வேகத்திலேயே கரை மணலில் ஏறி நின்றோம். மனேஜருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன்: தொழுகை நேரம், சட்டைப் பை, அறுகம்புல், தோப்புக்கரணம். மன்னிக்கச் சொல்லியும் கேட்டேன். நானா சிரிக்கத் தொடங்கினார். காற்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த மனேஜர் சிரிக்கவில்லை.

"போட் நல்லம்," என்றார். "ஆளில்தான் எனக்குப் பயம். நானா கூட ஓட வந்தால் சீசன் உங்களுக்கு. இல்லையெண்டால் இல்லை."

நான் நானாவைப் பார்த்தேன். நான் கத்தியதைக் கேட்ட காது அது.

"வாறேன்," என்றார் நானா. "ஆனாத் தக்கை என்ட கையிலதான் இரிக்கும்."

இன்று வரை நாங்கள் இருவரும்தான் ஓடுகிறோம். இடுப்பும் நிமிர்ந்துதான் இருக்கிறது. புதுத் தக்கை நானாவின் சாரத்து மடியில் இருக்கிறது. பழையது சாமித் தட்டைவிட்டு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பவளம் அதற்கும் ஒரு பூ வைக்கிறாள். பின்னேரம் நான் எஞ்சினை நல்ல தண்ணீரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவும்போது கரையில் நிற்பவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். என்னத்தையோ மறைக்கிறார் என்று நினைக்கிறார்கள் போலும்.

போன மாதம் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். இவ்வளவு நல்ல பிள்ளைக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை? விசாரிக்கப் போகச் சட்டையை மாட்டினேன். மகள் வாசலுக்கு வந்தாள்.

"போயிட்டு வாங்கோ அப்பா. ஆனால் அந்த வீட்டில ஒண்டையும் கழட்டிக்கொண்டு வந்திடாதேங்கோ."