சின்னத்தம்பி பெயரில் வந்த சாமான்

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அந்தப் பத்தில் முதலாவது மானம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறேன். என் விஷயத்தில் மற்ற ஒன்பதும் ஒழுங்காகப் பறந்துவிட்டன. மானம் மட்டும் குசினிக்குள் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, “சனம் என்ன கதைக்கும்?” என்று கேட்டபடியே இருந்தது.

ஆறேழு வருஷத்துக்கு முந்தின கதை. நான் வேலை செய்த தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். மூத்தவள் அபிக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு மாதம். வதனி (என் மனைவி; இந்தக் கதையில் மூளை உள்ள ஒரே ஆள்) சொல்லித்தான் வெல்ஃபெயருக்கு எழுதிப் போட்டேன். கூடவே, சாப்பாட்டுச் சாமான் மட்டும் வாங்குகிற மாதிரி ஒரு காட்டும், அதாவது வங்கி அட்டை மாதிரி ஒன்று, அரசாங்கம் தந்தது. பச்சை நிறம். ஸ்காபரோவின் இந்த மூலையில் பொக்கற்றிலிருந்து எடுத்தால் அந்த மூலையில் தெரிகிற பச்சை.

மற்றவர்கள் என்றால் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டிருப்பார்கள். நான் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் அல்லவா? வருஷா வருஷம் உணவு வங்கிக்கு என்று அரிசி, பருப்பு, ரின் மீன் எல்லாம் சேர்த்துக் கொடுக்கிற சங்கம். போன வருஷச் சேகரிப்பில் எங்கள் தலைவர் பரா அண்ணை மைக்கைப் பிடித்து, “எங்கட சனம் குடுத்துப் பழகின சனம். கையேந்திப் பழகேல்லை” என்று முழங்கியபோது முதலாவதாகக் கை தட்டியவன் நான். (பலமாகவே தட்டித் தொலைத்துவிட்டேன்.) இந்த வருஷச் சேகரிப்பு வருகிற சனிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு, பச்சைக் காட்டும் கையுமாக நான்.

பரா அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பாட்மென்ற்றிலேயே ஆறாம் மாடியில் இருந்தார். நாங்கள் பதினாலாம் மாடி. மனைவி காலமாகி, பிள்ளைகள் லண்டனில். பிளாசாவில் சாறிக் கடை வைத்திருந்தவர், காசுக்காரர் என்று பேர். முப்பது வருஷமாக மச்சம் தொடாத சைவப் பழம். கோயில் மண்டபத்தில் அவர் புலால் மறுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தால், மீன் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருப்பவர்கள் மெதுவாகப் பேப்பரை மடித்து மடியில் வைப்பார்கள்.

வியாழக்கிழமை காட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் சங்கத்து அன்ரி ஒருவர். காட்டின் பச்சை தெரியாமல் நாலு விரலால் மூடிக்கொண்டு மெஷினில் வைத்தேன். காசாளர் பிள்ளை தமிழ்ப் பிள்ளை.

“அங்கிள், கையை எடுத்தால்தான் காட் வேலை செய்யும்.”

“ஒரு நிமிஷம் பிள்ளை, காருக்குள்ள ஒண்டை மறந்துபோட்டன்” என்று சொல்லிச் சாமானை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். எங்களிடம் கார் இல்லை. பஸ்ஸில் போன ஆள் நான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வதனி ஏசவில்லை. காட்டின் பின்பக்கத்தை வாசித்தாள். “இஞ்சருங்கோ, இதால ஒன்லைனிலயும் வாங்கலாமாம். வீட்டை கொண்டந்து தருவினமாம்” என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வரிசை இல்லை, அன்ரி இல்லை, கையை எடுக்கச் சொல்ல ஆள் இல்லை.

அபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். அரிசி, மைசூர் பருப்பு, முட்டை, பாண், உருளைக்கிழங்கு, சின்னவளுக்கு இரண்டு ரின் பால்மா. பிறகு பெயர் கேட்டது.

“லாஸ்ட் நேம் என்ன போடுறது, அப்பா?”

“சின்னத்தம்பி.”

“இட்ஸ் தாத்தா’ஸ் நேம்!”

அதுதான் எங்கள் தலைவிதி. ஊரில் எனக்கு ஒரே பெயர், குகன். அப்பாவின் பெயர் முன்னால் ஒரு ‘சி.’ ஆக நிற்கும், அவ்வளவுதான். கனடாவுக்கு வந்த அன்றைக்கு அந்த ‘சி.’யை விரிக்கச் சொல்லி, அதைத் தூக்கிக் கடைசியில் போட்டு, குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தருக்கும் துணிவில்லை. இங்கே பல் டொக்டரிடம் போனால் வரவேற்பில் இருக்கிற பெட்டை, “சின்னத்தம்பி!” என்று சத்தம் போடுகிறாள், நான் எழும்பிப் போகிறேன்.

அடுத்தது வீட்டு நம்பர். இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. எங்கள் மாடியில் நாலு தமிழ்க் கதவு. நாலிலும் வெளியே எட்டிப் பார்க்கிற ஓட்டைக்கண்ணாடி. டெலிவரிக்காரன் மேலே வந்து பையையும் பில்லையும் கதவடியில் வைத்துவிட்டுப் போனால், பின்னேரத்துக்குள் செய்தி நகரத்தின் மற்ற மூலையான ரெக்ஸ்டேல் வரைக்கும் போய்விடும். ஆகவே நம்பரை வெறுமையாக விட்டு, ‘கீழே லொபியில் நிற்பேன்’ என்று எழுதினேன்.

“நம்பர் போடாமல் விட்டால் ஆரிட்டைக் குடுக்கிறது எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் வதனி.

“பேரைக் கேப்பான். நான் நிப்பன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “காட்டில கிடந்த முழுக்கப் போட்டாச்சு. இனி அடுத்த மாதம்தான். பால்மா நாளைக்கு ராத்திரி வரைக்கும்தான் காணும். நீங்கள் என்னவாவது செய்யுங்கோ, சாமானோட மட்டும் மேல வாங்கோ.”

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் வரும் என்றார்கள். ஒன்றரைக்கே இறங்கினேன். எலிவேட்டர் கதவு திறந்தது. லொபியில், கண்ணாடிக்குப் பக்கத்தில், கோட்டும் தொப்பியுமாகப் பரா அண்ணை. இலவசப் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். நாளைய கூட்டத்தைப் பற்றிக் கதைக்க என்னைத்தான் தேடுகிறார், நிச்சயம். கதை தொடங்கினால் பையோடு வருகிறவனையும் வரவேற்றுத்தான் விடுவார்.

அவர் திரும்புவதற்குள் கையில் பட்ட பட்டனை அமத்தினேன். நிலக்கீழ் அறை. உடுப்புத் தோய்க்கிற இடம்.

கையில் தோய்க்க ஒரு கைலேஞ்சிகூட இல்லாமல் அங்கே இருபது நிமிஷம் நின்றேன். ஒரு சீன அம்மா மெஷினிலிருந்து உடுப்பை எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்து, உடுப்பை எண்ணி, திரும்பவும் என்னைப் பார்த்து, திரும்பவும் எண்ணினார். அந்த அறையில் போன் வேலை செய்யாது என்பது அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

மேலே வந்தேன். லொபி வெறுமை. பரா அண்ணை போய்விட்டார், அப்பாடா என்று மூச்சு விடும்போது போன் கிணுகிணுத்தது. ‘உங்கள் பொருட்கள் ஒப்படைக்கப்பட்டன. பெற்றுக்கொண்டவர்: சின்னத்தம்பி.’

மூன்று தரம் வாசித்தேன். சின்னத்தம்பி நான். என் கையில் ஒன்றும் இல்லை. மற்றச் சின்னத்தம்பி காலமாகிப் பன்னிரண்டு வருஷம். (இருந்த காலத்திலேயே கடைக்குப் போகச் சொன்னால் தலைமறைவாகிற மனுஷன்.)

வெளியே ஓடினேன். பனிக்குள் செருப்போடு. ஒரு வாகனமும் இல்லை. திரும்ப உள்ளே ஓடினேன், கதிரைக்குக் கீழே பார்த்தேன், குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில்கூட ‘யாராவது பார்க்கிறார்களோ’ என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பால்மா ஞாபகம் வந்தது. வந்ததும் அந்தக் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நிமிஷம் போயிருக்கும். ஒரு வாகனம் வந்து நின்றது. நாலு கடதாசிப் பைகளோடு ஒரு பெண் இறங்கி உள்ளே வந்தாள்.

“சின்னத்தம்பி?”

“ஓம், ஓம், ஓம்” என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விளங்கிவிட்டது. முந்தி வந்த செய்தி ஏதோ பிழையாக வந்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பைகளைக் கட்டிப்பிடித்தபடி மேலே போனேன்.

வதனி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். ஓட்ஸ். சீனி போடாத பிஸ்கற். தவிட்டுப் பாண். பாவற்காய். கடைசியில், இரண்டு பிளாஸ்ரிக் உறைக்குள் பத்திரமாகச் சுற்றி ஒரு பக்கற் கோழிக்கால்.

“பால்மா எங்கயப்பா?”

அபி பைக்குள்ளிருந்து பில்லை எடுத்து எழுத்துக் கூட்டினாள். “ப-ர-ரா-ச-சிங்-கம்... சின்னத்தம்பி.” கீழே, எப்படிக் காசு கட்டியது என்ற இடத்தில், என்னுடைய காட்டின் பெயரேதான் இருந்தது.

‘தலைவர்: திரு. சி. பரராசசிங்கம்’ என்று சங்க நோட்டீஸ்களில் எத்தனை தரம் ரைப் பண்ணியிருப்பேன். அந்த ‘சி’ சின்னையாவோ சிவஞானமோ என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா? எல்லாருக்கும் அவர் பரா அண்ணை. அவருடைய தகப்பனும் ஒரு சின்னத்தம்பி.

அடுத்த கணம்தான் மற்றது உறைத்தது. அவருடைய பில் என் கையில் என்றால், என்னுடைய பில் யார் கையில்?

“நாளைக்கு ஆரிட்டையாவது குடுத்து விடுவம்” என்றேன்.

“அதுவரைக்கும் பிள்ளை எதைக் குடிக்கிறது? உங்கட மானத்தைக் கரைச்சுக் குடுக்கிறதோ?”

எல்லாவற்றையும் திரும்பப் பைகளுக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எலிவேட்டர் ஒவ்வொரு மாடியாகக் கீழே போகப் போக, என்ன சொல்வது என்று ஒவ்வொரு பொய்யாகப் பாடமாக்கினேன். ஆறாம் மாடியில் கதவு திறந்தது. நான் வெளியே காலை வைக்கவில்லை. எதிரே, நாலு பைகளோடு, மேலே வருவதற்காகப் பரா அண்ணை நின்றார்.

அவர் என் பையைப் பார்த்தார். நான் அவர் பையைப் பார்த்தேன். உள்ளே வந்தார். கதவு பூட்டியது. இரண்டு பேரும் பட்டனை அமத்தவில்லை.

“இது... ஒரு ஆளுக்கு உதவியா வாங்கினது தம்பி” என்றார்.

“நானும் ஒரு ஆளுக்குத்தான் அண்ணை.”

“நல்லது. உதவி செய்யத்தான் வேணும்.”

யாரோ மேலேயிருந்து கூப்பிட, எலிவேட்டர் ஏறத் தொடங்கியது. பதினோராம் மாடியில் நாயோடு நின்ற ஒரு பெண், எட்டுப் பைகளோடு விறைத்து நிற்கிற இரண்டு ஆம்பிளைகளைப் பார்த்துவிட்டு, அடுத்ததில் வருகிறேன் என்று விலகினார். கதவு பூட்டுகிற நேரம், பனி ஈரத்தில் ஊறியிருந்த என் பை கிழிந்தது. கோழிக்கால் பக்கற், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தொப்பென்று விழுந்தது.

முப்பது வருஷமாக மச்சம் தொடாத மனுஷன், மாடி நம்பர் ஒளிர்கிற இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

“டொக்டர் சொன்னவர்” என்றார்.

“டொக்டர்மார் சொன்னால் கேக்கத்தானே வேணும், அண்ணை.”

அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. பிறகு எனக்கு. சிரித்து முடிய அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். “கடையைப் பூட்டி எட்டு மாதம், தம்பி. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. லண்டனுக்கும் சொல்லேல்லை.”

“நானும் சொல்லேல்லை அண்ணை.”

“சின்னத்தம்பியோ எண்டு கேட்டான், ஓம் எண்டு வாங்கிப்போட்டன். உம்மட பேரை நான் பில்லில பேந்துதான் பார்த்தனான். முதல் பால்மா ரின்னைத்தான் கண்டனான். ஆற்றையோ பிள்ளை பாத்துக்கொண்டிருக்குமே எண்டு வெளிக்கிட்டிட்டன்.”

நான் வீட்டில் நின்று ‘நாளைக்குக் குடுப்பம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையிலும் பை, துடைக்கவும் வழியில்லை.

மறுநாள் சேகரிப்பில் அவர் மைக்கைப் பிடித்தார். “எங்கட சனம் குடுத்துப் பழகின சனம்” என்று தொடங்கி நிறுத்தினார். என்னை ஒரு தரம் பார்த்தார். “போன வருஷம் கையேந்திறதைப் பற்றி ஒரு கதை சொன்னனான். அதை விடுங்கோ. தேவை வந்தால் ஏந்துங்கோ. ரெண்டு கையாலையும் ஏந்துங்கோ. ஒரு கையால ஏந்தினால் பை கிழிஞ்சுபோம்.”

சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த முறையும் முதலாவதாகக் கை தட்டியவன் நான்தான்.

எனக்கு வேலை கிடைத்துப் பல காலமாகிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் பசர் அடித்தால், இன்றைக்கும் அபி அறைக்குள்ளிருந்து, “எந்தச் சின்னத்தம்பி?” என்றுதான் கேட்பாள். வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் அது மற்றச் சின்னத்தம்பியாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை வதனி மரக்கறிதான் சமைப்பாள்; கோழி சனிக்கிழமை. சனிக்கிழமையும் வாங்கோ அண்ணை என்று அவள் சொன்னால் அவர் மறுப்பதில்லை, ஏன் சனிக்கிழமை என்று கேட்பதுமில்லை.

போன மாரியில் பரா அண்ணைக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். லண்டனிலிருந்து பிள்ளைகள் வந்து சேர இன்னும் ஒரு நாள் இருந்தது. குடும்பத்து ஆட்களைத் தவிர ஒருவரையும் உள்ளே விடமாட்டோம் என்று நேர்ஸ் சொல்லிவிட்டார். லைசென்சை எடுத்து நீட்டினேன். கட்டிலில் தொங்கிய பெயரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சகோதரமா?”

“ஓம்” என்றேன். பொய் சொன்னால் தடுமாறுகிற எனக்கு அன்றைக்கு நாக்குத் தடுமாறவில்லை. அரசாங்கத்தின் பதிவுப்படி நாங்கள் ஒரு தகப்பன் பிள்ளைகள்தானே.

போய்ப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“ஆர், சின்னத்தம்பியோ?”

“ஓம் அண்ணை.”

கதவடியில் நின்ற நேர்ஸ் அங்காலே போகும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

“கோழிக்கால் கொண்டந்தனீரோ?”