முந்நூறாம் தலைமுறை முயல்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. அதற்குப் போக இரண்டு வழிகள்: பாறைப் பாதை, புதர்ப் பாதை. அந்தக் கோடையில் எங்கிருந்தோ ஒரு கிழட்டு நரி வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில், தண்ணீர் குடிக்கப் போன மூன்று முயல்கள் வளைக்குத் திரும்பவில்லை.

வெள்ளையம்மா என்ற முயலுக்கு நான்கு குட்டிகள். தண்ணீர் குடித்து இரண்டு நாளானதால் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. அவள் பெருச்சாளியிடம் போனாள். இந்தப் பெருச்சாளி ஒரு கல்லூரியின் கணினி அறைக்கு அடியில் ஆறு வருஷம் வளை தோண்டி இருந்தது. அங்கே வயரைக் கடித்ததைத் தவிர வேறெதுவும் செய்ததாகத் தகவல் இல்லை. திரும்பி வரும்போது ஒரு லேப்டாப்பையும், பெயருக்கு முன்னால் ஒரு 'முனைவர்' பட்டத்தையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஐயா, எந்தப் பாதையில போனா நரிகிட்ட மாட்டாம தண்ணி குடிக்கலாம்?" என்று கேட்டாள் வெள்ளையம்மா.

"அவசரப்படாதம்மா. நரி என்ன செய்யும்னு முயல் யோசிக்கும். முயல் என்ன யோசிக்கும்னு நரி யோசிக்கும். ரெண்டையும் கம்ப்யூட்டருக்குள்ள மோதவிட்டு வளர்க்கணும்" என்றது பெருச்சாளி.

லேப்டாப்புக்குள் ஐம்பது முயல் திட்டங்கள், ஐம்பது நரித் திட்டங்கள். தோற்றவை அழியும். ஜெயித்ததில் இரண்டை எடுத்து, ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் ஒட்டினால் அடுத்த தலைமுறை. நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு சொல்லை மாற்றிவிட வேண்டும். காடே கைதட்டியது. புரியாததற்குக் கைதட்டுவதில் அந்தக் காட்டை மிஞ்ச ஆளில்லை.

முதல் தலைமுறையில், 'குளத்தங்கரையில் படுத்திரு' என்று ஒரு நரித் திட்டம் இருந்தது. அந்தத் தலைமுறை முயல்களோ பாதையிலேயே முட்டி மோதி நின்றன, ஒன்றுகூடக் குளம்வரை வரவில்லை. கரை நரி பட்டினியில் ஒழிந்தது. அது ஒழிந்ததும், 'கரையை எட்டிப் பார்த்துவிட்டுக் குடி' என்ற முயல் திட்டமும் வீண் தாமதம் என்று மூன்றாம் தலைமுறையில் ஒழிந்தது. பிறகு முயல் பாறைப் பக்கம் போனால் நரியும் பாறைப் பக்கம், முயல் புதருக்கு மாறினால் நரியும் புதருக்கு. செக்குமாடு மாதிரி முந்நூறு தலைமுறை சுற்றின. வெளியே இன்னும் ஒரு நாள் போயிருந்தது. வெள்ளையம்மாவின் கடைக்குட்டி அன்று காலை எழுந்திருக்கவேயில்லை.

பெருச்சாளி முடிவை வாசித்தது. "பாறைப் பாதையில் ஆறு தாவல். நில். திரும்பு. புதர்ப் பாதையில் ஓடு. நிற்காமல் குடி."

"குடிக்கிறதுக்கு முன்னாடி கரையை ஒரு தடவை எட்டிப் பாத்துக்கட்டுமாங்க?"

"அந்தப் புத்தி மூணாம் தலைமுறையிலேயே செத்துப்போச்சு. நீ இன்னும் அங்கேயே நிக்கிறியே!"

இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளையம்மாவோ படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிப் போனாள். ஆறு தாவினாள், நின்றாள், திரும்பினாள், ஓடினாள். இரண்டு பாதையிலும் நரி இல்லை. மேட்டில் நின்று பார்த்த பெருச்சாளி துள்ளிக் குதித்தது.

நரி கரையில் படுத்திருந்தது. தந்திரமெல்லாம் இல்லை, அதற்கு முழங்கால் வலி.

"வா தாயி. எந்த வழியா வந்தா என்ன, தண்ணிக்கு இங்கதானே வரணும்?" என்றது.

மறுநாள் காடு கூடியது. "என் திட்டத்தில் குறையே இல்லை. இது முதல் தலைமுறை நரி. காலாவதியான நரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?" என்றது பெருச்சாளி. நியாயம்தானே என்று தலையாட்டி, அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"இனிமே அந்தக் குட்டிங்களுக்கு யாரு பால் குடுப்பா?" என்று ஓர் ஆமை மட்டும் கேட்டது.

நாக்கு வறண்டு நின்ற மூன்று குட்டிகளையும் பெருச்சாளி திரும்பிப் பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது.

"கவலை எதுக்கு? அடுத்த தலைமுறைதான் தயாரா நிக்குதே!"

நீதி: முயன்று பார்ப்பது முயலின் வேலை. முடிவை எழுதுவது பெருச்சாளியின் வேலை. ஆகவே பிள்ளைகளே, பார்த்துப் பிறக்கவும்.