மலைக்குப் போய் வந்ததில் ஒன்றும் நடக்கவில்லை

அன்பு மிகுந்த எட்னா அக்காவுக்கு,

உன் தம்பி ஹெட்லி எழுதுவது. இங்கே நானும், புதிதாக மாற்றிய என் முழங்காலும், பூனையும் சௌக்கியம். அங்கே நீயும் உன் கோழிகளும், மேடு என்றால் என்னவென்றே அறியாத உன் ஊரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்காதே. பேனா புதிது.

நம் ஒப்பந்தம் உனக்கு நினைவிருக்கும். மறக்கிற ஆளா நீ? "ஒரே ஒரு தடவை மேல போயிட்டு வாடா. ஒரு கீறல் இல்லாம திரும்பி வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு இங்க வந்துடணும்" என்று தொலைபேசியில் சொன்னாய். நானும் தலையாட்டினேன். தலையாட்டியதை நீ பார்த்திருக்க முடியாதுதான், ஆனாலும் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். என்னை எதிர்பார்த்து உன் பின்னறைக்குத் திரைச்சீலைகூட வாங்கிவிட்டாய் என்று கேள்வி. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், ஒன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை எங்கள் நடைக்குழு புறப்பட்டபோது நல்ல வெயில். தொப்பியைக் கழற்றினோம். பாறை விளிம்புக்கு ஏறி முடிப்பதற்குள் ஆலங்கட்டி விழுந்தது, தொப்பியைப் போட்டோம். பிறகு மழை, பிறகு மறுபடி வெயில். எங்கள் ஊர் ஏப்ரல் மாதத்துக்கு வேறென்ன வேலை? புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழி ஒன்று வழக்கம்போல "திரும்பிப் போ, திரும்பிப் போ" என்று கத்தியது. அசல் உன் குரல். ஆனால் அக்கா, விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். மூன்று நீர்த்தேக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக, நிரம்பித் தளும்பிக்கொண்டு கிடந்தன. குளிர்காலம் முழுக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. ஆலங்கட்டி கண்ணில் பட்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சமாளித்தேன்.

முழங்காலை உத்தேசித்து எனக்குக் கடைசி ஆள் பதவி கொடுத்திருந்தார்கள். எல்லோரும் போனபின் வேலிக்கதவைச் சாத்திவிட்டு வரவேண்டும். ஆடுகள் குட்டி போடுகிற காலம், கதவு திறந்து கிடந்தால் பண்ணைக்காரர் சும்மா விடமாட்டார். இரண்டாவது கதவை நான் சாத்தப் போனபோது பின்னால் ஒரு தம்பதி வந்தார்கள். பிடித்துக்கொண்டேன். நன்றி சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் நாயோடு ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம், அதற்கும் பின்னால் வேறொரு நடைக்குழு முழுவதும். நன்றி சொல்லிக்கொண்டே வருகிறவர் முகத்தில் கதவைச் சாத்தலாமா? அம்மா நம்மை அப்படியா வளர்த்தாள்? கடைசியில் சாத்தித் திரும்பினால் எங்கள் ஆட்களைக் காணோம். எனக்காக நின்றவர் ஒரே ஒருவர்: புதிதாகச் சேர்ந்த திர்சா ஒல்லரன்ஷா என்ற அம்மாள். கணவர் காலமாகி ஓரிரு வருடம். மிக நல்ல நடைக்காரி.

சற்று முன்னால் எங்கள் ஆட்கள் போட்டிருந்த மாதிரியே நீலச் சட்டைகள் தெரிந்தன. கழுத்தில் வரைபடம் தொங்க ஒருவர் தலைமை தாங்கினார். நாங்களும் போய்ச் சேர்ந்துகொண்டோம். மலையில் எல்லோரும் நீலச் சட்டைதான் போடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர்களும் நீங்கள் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர்கள். ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து எனக்கு இஞ்சி கேக் கொடுத்தார்கள், என் முழங்காலை விசாரித்தார்கள், வானிலையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது துண்டு தின்னும்போதுதான் இதில் ஒரு முகமும் தெரிந்த முகமில்லை என்று எனக்கு உறைத்தது. திர்சாவிடம் மெல்லச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "நீங்க அவ்வளவு நம்பிக்கையா நடந்தீங்க. குறுக்க பேசினா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

பிறகு எழுந்து போவதா? கேக் தின்றுவிட்டு எப்படிப் போவது? அவர்களோடே நடந்தோம். அவர்கள் இறங்கியது மலையின் மறுபக்கம். கடைசிக் கதவில் திர்சாவை முன்னால் போகச் சொன்னேன். அவர் என்னைப் போகச் சொன்னார். நான் மறுபடி அவரைச் சொன்னேன். இப்படியே கொஞ்ச நேரம் போனது. அப்புறம் இருவரும் ஒரே சமயத்தில் கிளம்ப, வழிவிடலாம் என்று நான் பின்னால் ஓர் அடி வைத்தேன். அங்கே கறுப்புச் சேறு இருந்தது. சற்று உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பெரியதாக ஒன்றுமில்லை. கேக் கொடுத்த புண்ணியவான்களே தூக்கிவிட்டுத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். வரும் வழியில் ஒரு பெரிய கட்டிடத்தில் வெகுநேரம் காத்திருந்தோம். அங்கே டீ சுமார்தான். மற்றபடி வீடு வந்து சேர்ந்தேன், ஒரு கீறல்கூட இல்லை.

ஆகவே அக்கா, பின்னறைப் பேச்சு இன்றோடு முடிந்தது. கோழிகளுக்கு என் விசாரிப்புகள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும் என்மேல் கொஞ்சம் நம்பிக்கையையும் தரட்டும்.

இப்படிக்கு,
என்றும் உனக்கு அடங்கிய தம்பி,
ஹெட்லி

பின்குறிப்பு: அன்புள்ள எட்னா அவர்களுக்கு, இதுவரை அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான், திர்சா ஒல்லரன்ஷா. பேனா பழையதுதான், கைதான் புதிது. ஒரு கீறலும் இல்லை என்பது உண்மை. வலது மணிக்கட்டு எலும்புதான் முறிந்திருக்கிறது. அந்தப் பெரிய கட்டிடத்தில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மேலே "மிக நல்ல நடைக்காரி" என்று இருக்கும் இடத்தில் முதலில் என் நடையை வாத்து நடை என்றார். நான் பேனாவைக் கீழே வைத்ததும் மாற்றிக்கொண்டார். ஒப்பந்தப்படி அவர் உங்களிடம் வரவேண்டியவர், மறுக்கவில்லை. ஆனால் கை முறிந்து சேற்றில் கிடந்தவர் முதலில் என்னிடம் கேட்டது, "கதவச் சாத்திட்டீங்களா? குட்டிங்க வெளிய வந்துடும்" என்றுதான். அவரை அனுப்ப எனக்கு மனமில்லை, மன்னியுங்கள். நீங்கள் வாங்கிய திரைச்சீலையை முடிந்தால் இங்கே அனுப்பி வையுங்கள். சமைத்துக் கொடுக்க நான் தினமும் வந்து போகிறேன், எதிர்வீட்டுக்காரர்கள் சன்னல் வழியாகப் பார்க்கிறார்கள்.