புளி போட்டுத் தேய்த்த வானம்

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்றது மூன்று, செத்துப்போன கொழுந்தன் விட்டுச் சென்றது இரண்டு, ஆக ஐந்து பேரை ஆளாக்கியவள் நான். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் பாத்திரம் துலக்குவதில் போடி மலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. (இன்றைக்கும்தான். மருமகள்கள் வந்து சொல்லட்டும்.) அந்தக் கர்வம் ஒரு பெண்ணின் படிப்பையே கெடுக்கப் பார்த்தது.

எமர்ஜென்சி முடிந்திருந்த சமயம். போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து பங்களாவில் சமையலுக்கு இருந்தேன். தை மாதம், காய் எடுப்பு ஓய்ந்து வானம் வெளுத்திருந்தது. முதலாளிக்கு உறவுக்காரப் பெண் வசந்தி, மதுரையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினாள். கூடவே பீப்பாய் மாதிரி பருத்த ஒரு குழாய். நட்சத்திர ஆராய்ச்சியாம். கீழே ஊர் வெளிச்சம் இடைஞ்சல் என்று மலையேறி வந்திருக்கிறாள். கும்பலாக இருக்கும் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை ஒவ்வொன்றாக அளந்து, அந்தக் கும்பலுக்கு என்ன வயது என்று சொல்லிவிடுவாளாம். (எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணுக்கே வயதைச் சரியாகச் சொல்லமாட்டார்கள்.)

ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டாள். குழாயில் கண் வைத்தேன். ரவையைக் கொட்டி வைத்த மாதிரி நட்சத்திரம், பளிச்சென்று. அசந்து போனேன். பிறகு குழாயை வடக்கே திருப்பினாள்.

"இப்பப் பாருங்கக்கா. என்ன தெரியுது?"

"புகை அப்பின மாதிரி இருக்கு தாயி."

"அதேதான்! அது பெரிய நட்சத்திர மண்டலம். அம்புட்டும் நட்சத்திரம். ரொம்பத் தூரமா இருக்கதால அப்படித் தெரியுது."

குழாய்க் கண்ணாடியில் கறை என்று முடிவு கட்டிவிட்டேன். அழுக்கை நட்சத்திரம் என்று நம்பிக்கொண்டிருக்கிறதே பிள்ளை! அவளோ மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை அப்பா வர்றாருக்கா. பாத்துட்டு உருப்படியா இல்லைன்னா பெட்டியக் கட்டுங்கிறாரு. மாப்பிள்ளை தயாரா இருக்கு."

அப்பன்காரர் வந்து இந்தக் கறையைப் பார்த்தால் என்ன ஆகும்? பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றல்லவா கூட்டிப் போவார்!

வசந்தி இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்ததும் குழாயின் அடிக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்குவாள். வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தேன். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரிதான், தோசைக்கல் அகலம். அதன் மேல் பனி காய்ந்த திட்டு. அகப்பட்டாயா என்று புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்து உட்கார்ந்தேன். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத்தில் அழுக்கு வந்துகொண்டே இருந்தது. படித்த பிள்ளைகள் இவ்வளவு அழுக்கையா சேர்த்து வைப்பார்கள்! கடைசியில் கண்ணாடி வழியே என் கால் விரல்கள் தெரிந்தன. அப்படி ஒரு சுத்தம்.

வசந்தி எழுந்து வந்தாள்.

"அக்கா, இது என்னது?"

"உன் கண்ணாடிதான் தாயி. இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியுது பாரு!"

 கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "வீட்டுக் கண்ணாடிக்கு ரசப் பூச்சு பின்னாடி இருக்கும்க்கா. இதுக்கு முன்னாடி. அதைத்தான் தேய்ச்சு எடுத்துட்டீங்க." திரும்பப் பூச வெளியூருக்கு அனுப்ப வேண்டுமாம். அது வருவதற்குள் மேகம் இறங்கிவிடும். இந்த வருஷம் போச்சு. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

மத்தியானம் ஜீப்பு வந்தது. அப்பா கண்ணாடியைத் தூக்கி, அதன் வழியே மகளைப் பார்த்தார்.

"இதுல என்னத்தம்மா பாக்குற? சரி, வெரசாக் கிளம்பு."

யாரிடமும் தலை குனியாதவள் நான். அன்றைக்கு அவர் முன்னால் கைகட்டி நின்றேன்.

"ஐயா, பிள்ளை மேல தப்பில்லை. தேய்ச்சது நான். இன்னொரு வருசம் குடுங்க."

"நீ தேய்ச்சதுக்கு எம்பொண்ணு வயசு நின்னுக்கிருமா?"

"நிக்காதுய்யா. ஆனா பாதியில கூட்டிட்டுப் போனீகன்னா, அது ஆயுசுக்கும் ஒவ்வொரு சட்டி துலக்கையிலயும் என்னையவும் உங்களையும் சேத்துத் திட்டும். நான் தாங்கிருவேன். நீங்க தாங்குவீகளா?"

அவர் கண்ணாடியை மகளிடமே திருப்பிக் கொடுத்தார். மகளின் பெட்டி ஜீப்பில் ஏறவில்லை. "காப்பி கொண்டா" என்றார் என்னிடம். குடித்துவிட்டுத் தனியாக இறங்கிப் போனார்.

அடுத்த தையில் கண்ணாடி புதுப் பூச்சோடு வந்தது. என்னை அதன் பக்கமே விடவில்லை. இருட்டியதும் வசந்தியே கூப்பிட்டு வடக்கே காட்டினாள். பார்த்தேன். அதே இடத்தில், அதே புகை!

"நான் அம்புட்டுத் தேய்ச்சும் போகலையே!" என்றேன். "அப்ப அது நெசந்தான் தாயி."

வசந்தி சிரித்த சிரிப்பில் ஒரு வருஷத்துப் பாரம் என் நெஞ்சைவிட்டு இறங்கியது. அவள் பட்டமும் வாங்கினாள். பிறகுதான் கல்யாணம்.

அன்று முதல் எங்கள் வீட்டில் யார் என்ன சேதி கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, "தேய்ச்சுப் பாத்தாச்சா?" சின்னவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் குணத்தை அளந்துகொண்டிருந்தபோது, பெரியவன் உள்ளேயிருந்து இதைக் கேட்டுத் தொலைத்தான். வந்தவர்களுக்குப் புரியவில்லை. நல்லவேளை.

அடியே பேத்தி, இங்கே வா. நான் எழுதினதை ஒருதரம் சத்தமாக வாசி. புளி வரும் இடத்தில் சிரிக்காமல் வாசி.