ஜவுபர் நூறு வருடத்துக்கு எழுதிய கடிதம்

இந்தக் கதையில் ஒரு இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். அது எந்த இடமென்று சபூறாவுக்குத் தெரியும், அவள் மகள் றுஸ்தாவுக்குத் தெரியும், கல்முனைக் கடற்கரைத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். சபூறாவின் புருஷன் ஜவுபருக்கு மட்டும்தான் தெரியாது. ஆனால் அதை இப்போதே சொல்லிவிட்டால் மிச்சக் கதையை யார் கேட்பது? கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஜவுபரின் வாயைப் பற்றிச் சொல்லவேண்டும். பிறகு அவருடைய கையெழுத்தைப் பற்றி. சிரிப்பு எங்கேயும் ஓடிப்போகாது.

ஜவுபருக்கு லேண்ட்மாஸ்டர் திருத்துகிற வேலை. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரைக்கும் வயல் உழுகிற எந்த லேண்ட்மாஸ்டர் இருமினாலும் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். கை இயந்திரத்தில் இருக்கும். வாய் நூறு வருடத்துக்கு அப்பால் இருக்கும். ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் மனிதரைச் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிவிடுவார். அதைத் திரும்பப் பூட்டுவதற்குள் கூட்டிக்கொண்டு வந்து பிளேன்டீயும் கொடுத்துவிடுவார்.

தொடங்குமுன் ஒரு செருமல். செருமாமல் ஒரு எதிர்காலமும் அவர் வாயிலிருந்து புறப்பட்டதில்லை. ம்ஹ்ஹும். இனி ஆளில்லாத தோணி மீன் இருக்கிற இடத்தை மணந்து பிடித்துக்கொண்டு தானே கடலுக்குப் போகும். ம்ஹ்ஹும். யானை வயலில் கால் வைக்க முன்னமே பறக்கிற விளக்கொன்று வந்து, "இது ஒங்கட பாதையில்ல, அந்தப் பக்கம் போங்க" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பும். ம்ஹ்ஹும். வீடு கட்ட மேசன் வேண்டாம். இடியப்பம் பிழிகிற மாதிரி ஒரு மெசின் சுவரைப் பிழிந்துகொண்டே போகும். மத்தியானம் லுஹருக்குத் தொடங்கினால் பொழுதுபட மஃரிபுக்குக் குடிபோகலாம்.

நூறு வருடத்தை இப்படி விரல்நுனியில் வைத்திருந்தவருக்கு, வருகிற வெள்ளிக்கிழமை பெரிய தலையிடியாக வந்து நின்றது. றுஸ்தாவுக்கு, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய மொரட்டுவ கெம்பஸ் கிடைத்திருந்தது. பொறியியல். வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பதியவேண்டும்.

இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஜவுபரும் அப்படி வந்தவர்தான். இருபத்திரண்டு வருடமாக அவர் சாய்ந்துகொள்கிற சுவர்கூட சபூறாவுடையது. றுஸ்தா பிறந்த வருடமே பக்கத்து வளவில் அவளுக்கென்று அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரையேற்றி, இப்போது ஜன்னல் மட்டும்தான் பாக்கி.

"வீடு முடியிற நேரம் பாத்து வீட்டுக்காரி மொரட்டுவக்குப் போனா, மறுகா அதுக்குள்ள ஆரு இரிக்கிற? வௌவாலா?"

இதுதான் ஜவுபரின் வாதம். றுஸ்தா கெஞ்சவில்லை. வந்த கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சபூறா ஒன்றும் கதைக்கவில்லை. சபூறா கதைக்காவிட்டால் பயப்படவேண்டும் என்பதை இருபத்திரண்டு வருடத்தில் ஜவுபர் கற்றுக்கொள்ளவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் கிழமைதான் தெரு வாசிகசாலைக்கு ஐம்பது வயது. தலைவர் முகம்மது தம்பி சேர், ஓய்வுபெற்ற அதிபர், ஒரு யோசனை சொன்னார். நூறு வருடத்துக்குப் பிறகு ஊர் எப்படி இருக்குமென்று ஆளாளுக்கு எழுதவேண்டும். கடிதங்களைத் துருப்பிடிக்காத பெட்டியில் போட்டு, மூடியை ஒட்டி, கட்டிடத்துக்கு அடியில் புதைக்கவேண்டும். திறப்பது நூறு வருடம் கழித்து. எல்லோருக்கும் முன்னால் வாசித்துக் காட்டுகிற ஒரே கடிதம் ஜவுபருடையதாக இருக்கவேண்டும் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை.

அப்போது ஜவுபரின் மூளையில் ஒரு திட்டம் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. கடிதத்தின் கடைசியில், இனிமேல் கெம்பஸே வீட்டுக்கு வரும், பிள்ளைகள் கண்ணாடியொன்றைப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தே பொறியியலாளர் ஆவார்கள், ஆகையால் என் மகள் அந்தக் காலம் வரும்வரை வீட்டிலேயே இருப்பாள் என்று எழுதிவிடுவது. சேர் அதை ஊருக்கு முன்னால் வாசித்துவிட்டால் பிறகு சபூறா வாய் திறக்க ஏலாது. அதிலும் கடிதம் சபூறாவின் கையெழுத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. ஜவுபரின் கையெழுத்து, மழை ஈரத்தில் நண்டு ஓடிய கடற்கரை. சபூறாவுடையது அச்சுப்புத்தகம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சபூறா முன்விறாந்தையில் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்தாள். ஜவுபர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அந்தலைக்கும் இந்தலைக்கும் நடந்து சொல்லச் சொல்ல, அவள் தலை நிமிராமல் எழுதினாள். கட்டில் கெம்பஸ் வந்த இடத்தில்கூடப் பேனை நிற்கவில்லை. ஜவுபருக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது.

"எங்க, ஒருக்கா வாசி பாப்பம்," என்றார். தானே வாசிக்கலாம்தான். அதற்குக் கண்ணாடி போடவேண்டும். நூறு வருடத்தைப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்பது அவருடைய கொள்கை.

சபூறா கடதாசியை முகத்துக்கு நேரே பிடித்தாள். ம்ஹ்ஹும் என்று செருமினாள். ஜவுபர் திடுக்கிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். செருமல் அவருடையதேதான். தோணி, யானை, இடியப்ப மெசின், கட்டில் கெம்பஸ் என்று அத்தனையும் அவர் குரலில், அவர் இழுத்த இடத்தில் இழுத்து, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி ஒப்புவித்தாள்.

"ஒரு சொல்லுக் குறையல்ல," என்றார் ஜவுபர் பூரித்துப்போய்.

"எப்பிடிக் குறையும்," என்றாள் சபூறா. கடதாசியை நாலாக மடித்து உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

புதன்கிழமை வாசிகசாலை வாசலில் நிற்க இடமில்லை. பாண்டிருப்பிலிருந்து வந்து நூலகராக வேலை செய்கிற மீனாம்பிகை, பசைப் போத்தலோடு பெட்டிக்குப் பக்கத்தில் காவல் நின்றார். முகம்மது தம்பி சேர் உறையைக் கிழித்து, அதிபர் குரலில், சொல்லுக்குச் சொல் மூச்செடுத்து வாசித்தார். தோணி வந்தது. யானை வந்தது. இடியப்ப மெசினுக்குக் கைதட்டல் வந்தது. ஜவுபர் சபூறாவைத் திரும்பிப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"இதையெல்லாம் செய்தது யாரென்று கேட்டால்," சேர் தொடர்ந்தார், "எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள். அதில் முன்னுக்குப் போனவள் என் மகள் றுஸ்தா. எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுக்காத வாப்பா இல்லை. நான் வீட்டையும் கொடுத்தேன், அதிலிருந்து வெளிக்கிட்டுப் போக வழியும் கொடுத்தேன். அவள் மொரட்டுவக்குப் போன நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். இப்படிக்கு, ஜவுபர்."

ஜவுபருக்கு முதலில் சேருடைய கண்ணில்தான் சந்தேகம் வந்தது. ஆனால் யோசிக்க எங்கே விட்டார்கள்? கைதட்டல் கூரைத் தகட்டை உலுக்கியது. சொறிக்கல்முனைக் கந்தப்போடி, போன போகம் லேண்ட்மாஸ்டர் திருத்த வந்தவர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கையைப் பிடித்தார்.

"என்ட மகளும் ரெண்டு வருஷமாக் கேட்டுக்கொண்டிருக்காள் ஜவுபர். நானும் விடத்தான் போறன். நீங்க எந்த பஸ்ஸில போறீங்க?"

ஊரே ஜவுபரின் வாயைப் பார்த்தது. நூறு வருடத்துக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். கேள்விக்கு முன்னால் சும்மா இருக்கத் தெரியாத வாய்.

"ம்ஹ்ஹும். நாளைக்கு. காலம பஸ். நான்தானே கூட்டிப் போறன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. அதற்குள் மீனாம்பிகை கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டு, மூடியைச் சுற்றிப் பசை பூசி, மேலே இரண்டு கல்லும் ஏற்றிவிட்டார். ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது என்று ஜவுபர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். திருத்தமெல்லாம் திறக்கிற நாளில் செய்யலாம் என்றார் மீனாம்பிகை.

வீட்டுக்கு வந்தபோது றுஸ்தா பெட்டி அடுக்கி முடித்திருந்தாள். வாப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவருக்குக் கண் கலங்கியது. அது கைதட்டலின் மிச்சமா, பெருமையா என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. ஆனாலும் நியாயம் நியாயம்தான். நேரே குசினிக்குப் போனார். சபூறா பயணத்துக்கென்று மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"முகம்மது தம்பி சேருக்குக் கண் போயிட்டுது சபூறா. பாவம். கடசிப் பந்திய அப்பிடியே மாத்தி வாசிச்சிட்டார். நான் சொன்னது அதில்லயே. நான் என்ன சொன்னன்? நீ சொல்லு பாப்பம்."

சபூறா செருமினாள். ம்ஹ்ஹும். கண்ணாடி, கட்டில், கெம்பஸ், காலம் வரும்வரை வீட்டில் இருக்கிற மகள். அவருடைய குரல், அவருடைய இழுவை, எல்லாம் அச்சொட்டாக.

"அதுதான்," என்று ஜவுபர் துள்ளினார். "அதுதான் கடதாசில இரிந்தது. ஒரு சொல்லுக் குறையல்ல."

"எப்பிடிக் குறையும்," என்றாள் சபூறா.

ஜவுபரின் துள்ளல் பாதியில் நின்றது. அவளுடைய ஒரு கையில் கத்தி. மற்றக் கையில் மீன்.

அவர் மெல்லக் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சபூறா," என்றார், "செவ்வாக்கிழம நீ அந்தக் கடதாசியப் பாத்தா வாசிச்ச?"